'பிக் அப்' என்ற ஒரே சொல்லுக்கு எத்தனை வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள், வெளிநாடு கிளம்புகிறவர்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சரோடு பேச வேண்டும் என்று வருகிற அம்மாக்கள் எனப் பலரும் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேராவது ஒருமுறை மாட்டிக்கொள்ளும் சொல் 'பிக் அப்'. அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பாதி புரிந்துவிடும்.

அகராதியில் ஒரு பக்க நீளத்துக்கு அர்த்தம் போட்டிருக்கிறது. அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஒரே ஒரு படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் ஏதோ கிடக்கிறது, குனிந்து கையில் எடுக்கிறோம். இதில் இரண்டு விஷயம் நடக்கிறது. நம்மிடம் இல்லாதது நம் கைக்கு வருகிறது. கீழே இருந்தது மேலே வருகிறது. 'பிக் அப்'பின் பெரும்பாலான அர்த்தங்கள் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து கிளை விட்டவைதான். பாஷை கற்றுக்கொள்வது, சளி பிடிப்பது, விக்கெட் எடுப்பது, வரும் வழியில் பால் வாங்கி வருவது எல்லாம் கைக்கு வந்த வகை. வியாபாரம் சூடு பிடிப்பது, காற்று வலுப்பது, உடம்பு தேறுவது எல்லாம் மேலே வந்த வகை.

இது நமக்குப் புதிதும் இல்லை. நம் 'எடு' என்ன செய்கிறது பாருங்கள்: போனை எடு, லீவு எடு, வகுப்பு எடு, படம் எடு, பசி எடுக்கிறது, வாந்தி எடுத்தான். 'பிடி' அதற்கும் மேலே: சளி பிடித்தது, பஸ்ஸைப் பிடித்தேன், வண்டி வேகம் பிடித்தது, மழை பிடித்துக்கொண்டது, எனக்கு ரொம்பப் பிடிக்கும். தமிழ் படிக்க வரும் வெளிநாட்டுக்காரர் இதே இடத்தில்தான் திணறுவார். நாம் யாரும் இதைப் பட்டியல் போட்டுப் படித்ததில்லை. காதில் விழுந்து விழுந்து வந்தது. 'பிக் அப்'பும் அப்படித்தான் வரும்.

'பிக்' தனியாக ஒரு அர்த்தம், 'அப்' தனியாக ஒரு அர்த்தம். சேர்ந்ததும் ஏன் வேறாகிறது?

'பிக்' மட்டும் வந்தால் பறிப்பது, கொத்துவது, தேர்ந்தெடுப்பது. பல் குத்தும் குச்சியை டூத்பிக் என்கிறோமே, அங்கே இருப்பது அந்தப் பழைய 'பிக்'தான். 'பிக் எ கலர்' என்றால் பிடித்த நிறத்தைத் தேர்ந்தெடு. 'அப்' சேர்ந்தால் தேர்வு போய்விடுகிறது, எடுப்பது மட்டும் நிற்கிறது.

இப்படி ஒரு வினையும் ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தருவதற்குப் பெயர் ஃப்ரேசல் வெர்ப். லோகன் பியர்சால் ஸ்மித் என்ற எழுத்தாளர் 1925இல் வெளியிட்ட நூல் வழியாக அந்தப் பெயர் பரவியது. சங்கதி அதைவிடப் பழசு. சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் ஆங்கில அகராதிக்கு எழுதிய முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் சின்னச் சொல் ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அந்நியருக்கு மிகப் பெரிய கஷ்டம் என்று எழுதிவிட்டார். ஆகவே உங்களுக்குக் கஷ்டமாக இருப்பது உங்கள் மந்தத்தால் இல்லை. இதை என் வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

தமிழில் இதே வேலையைத் துணைவினைகள் பார்க்கின்றன. 'சாப்பிடு' வேறு, 'சாப்பிட்டுவிடு' வேறு. ஆங்கிலத்தில் 'ஈட்' வேறு, 'ஈட் அப்' வேறு. தட்டைக் காலி பண்ணு என்கிற அந்த 'அப்' நம் 'விடு'தான். 'பிக் அப்'பில் வரும் 'அப்' பல இடங்களில் நம் 'கொள்' மாதிரி இருக்கும்: கற்றுக்கொள், தொற்றிக்கொள், ஏற்றுக்கொள். 'கொள்' வந்தாலே விஷயம் நம் பக்கம் வந்து சேர்கிறது, கவனித்தீர்களா?

பொருளை எடுப்பதற்கு 'லிஃப்ட்', 'கலெக்ட்', 'பிக் அப்' மூன்றும் ஒன்றா?

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்று இல்லை. 'லிஃப்ட்' என்றால் பாரம் தெரியும். அரிசி மூட்டையை லிஃப்ட் செய்யலாம், கீழே விழுந்த பேனாவை லிஃப்ட் செய்தேன் என்றால் கேட்பவர் விழிப்பார். பேனாவுக்குப் பிக் அப்தான். தரையில் சிதறிய காசைப் 'பொறுக்குகிறோம்', அழும் குழந்தையைத் 'தூக்குகிறோம்', மேசையிலிருந்து சாவியை 'எடுக்கிறோம்'. நமக்கு மூன்று சொல், ஆங்கிலத்துக்கு மூன்றுக்கும் பிக் அப் ஒன்றே போதும்.

'கலெக்ட்' போய் வாங்கி வருவதற்கு. பார்சலைக் கலெக்ட் செய்தேன், பிள்ளையை ஸ்கூலில் கலெக்ட் செய்தேன் என்று பிரிட்டிஷ்காரர்கள் நிறையச் சொல்வார்கள். அமெரிக்காவில் அதே இடத்தில் பிக் அப் சகஜம். கடையில் சின்னதாக எதையாவது வாங்கி வருவதும் இதில் சேரும். 'பிக் அப் சம் மில்க்' என்றால் வரும் வழியில் பால் வாங்கி வா என்று அர்த்தம். கீழே கிடக்கும் பாலைப் பொறுக்கச் சொல்லவில்லை!

ஆளை 'பிக் அப்' பண்ணினேன் என்று சொல்லலாமா? யாரோ சிரித்தார்கள்.

சொல்லலாம், எந்த இடம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'ஐ பிக்ட் ஹெர் அப் ஃப்ரம் த ஸ்டேஷன்' என்றால் ஸ்டேஷனுக்குப் போய் வண்டியில் அழைத்து வந்தேன். எந்தக் குறையும் இல்லை. அதே வாக்கியத்தில் ஸ்டேஷனை எடுத்துவிட்டு மது விடுதியை வைத்தால், முன்பின் தெரியாத பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து வசப்படுத்திக் கூட்டிப் போனதாக ஆகிவிடும். நம் ஊர்ப் பையன்கள் பேச்சிலும் பிக்கப்புக்கு அந்த வாடை உண்டு. ஆபீஸ் மெயிலில் உடன் வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றி எழுதும்போது 'எந்த இடத்திலிருந்து, எத்தனை மணிக்கு' இரண்டையும் போட்டுவிட்டால் சந்தேகத்துக்கே வழியில்லை.

இன்னொன்று போலீஸ். 'த போலீஸ் பிக்ட் ஹிம் அப்' என்றால் பிடித்துக்கொண்டு போனார்கள். "நைட்டே தூக்கிட்டாங்க" என்று நாம் சொல்வது அச்சு அசல் இதுதான். எழுத்தில் 'அரெஸ்ட்' அல்லது 'டிடெய்ன்' போடுவார்கள். விசாரணைக்குக் கூட்டிப்போனதற்கும் கைது செய்ததற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. பேச்சில் வரும் பிக் அப் அந்த வித்தியாசத்தைக் காட்டாது. செய்தி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

போனை 'லிஃப்ட்' பண்ணுவதா, 'அட்டெண்ட்' பண்ணுவதா, 'பிக் அப்' பண்ணுவதா?

"ஏன் போனை லிஃப்ட் பண்ணல?", "காலை அட்டெண்ட் பண்ணு" இரண்டும் நம் ஊருக்குள் நன்றாகவே செல்லும். வெளியே போனால் 'பிக் அப்' அல்லது 'ஆன்ஸர்' சொல்லுங்கள். 'ஹீ இஸ் நாட் பிக்கிங் அப்': எடுக்க மாட்டேங்கிறான். போன் என்ற சொல்லே இந்த வாக்கியத்தில் இல்லை, பாருங்கள். நாமும் "அடிச்சுக்கிட்டே இருக்கேன், எடுக்கல" என்றுதான் சொல்கிறோம். எதை எடுக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அப்புறம், 'கட் பண்ணிட்டான்' என்பதற்கு 'ஹங் அப்'.

கற்றுக்கொள்வதற்கு 'லேர்ன்' இருக்கும்போது 'பிக் அப்' எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த அர்த்தம் இதுதான். 'லேர்ன்' என்றால் உட்கார்ந்து படித்தது. 'பிக் அப்' என்றால் பழகப் பழக ஒட்டிக்கொண்டது. பெங்களூரில் நான்கு வருஷம் வேலை பார்த்தவர் 'ஐ பிக்ட் அப் சம் கன்னடா' என்று சொன்னால், வகுப்புக்குப் போகவில்லை, ஆட்டோக்காரரிடமும் காய்கறிக் கடையிலும் பேசிப் பேசி வந்தது என்று அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. சமையலறையில் அம்மா பக்கத்தில் நின்று கை அளவு கற்றோமே, அதுவும் பிக் அப். கெட்ட பழக்கத்துக்கும் இதே சொல்தான். பேச்சு வழக்கு, நகம் கடிப்பது, உச்சரிப்பு எல்லாம் இப்படித்தான் வந்து சேரும். எழுத்தில் இதன் இடத்தில் 'அக்வையர்' வரும்.

இண்டர்வியூவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கிய விஷயத்தை 'பிக்ட் அப்' என்றால் ஏதோ அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பதுபோல் படும். அங்கே 'லேர்ன்ட்' அல்லது 'ட்ரெயின்ட் இன்' சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் 'பிக் அப்' என்றால் நோய் வந்ததா, போனதா?

இந்தக் கேள்வியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ் என் வகுப்பில் இருந்தார். வார்டில் டியூட்டி மாறும்போது நர்ஸ்கள் பேசிக்கொள்வதுபோல ஒரு பயிற்சி. நான் மூன்று வாக்கியம் வாசித்தேன். 'ஷீ பிக்ட் அப் எ செஸ்ட் இன்ஃபெக்ஷன்.' 'த டாக்டர் பிக்ட் அப் எ மர்மர்.' 'ஷீ இஸ் பிக்கிங் அப் நவ்.' கேட்டதைத் தமிழில் குறிப்பெடுக்கச் சொன்னேன். முதல் வாக்கியத்துக்கு அவர் எழுதியது: "இன்ஃபெக்ஷன எடுத்துட்டாங்க."

அந்த நோட்டை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நம் ஆஸ்பத்திரிகளில் கட்டியை எடுத்தாங்க, தையலை எடுத்தாங்க, பல்லை எடுத்தாங்க என்றால் அகற்றிவிட்டார்கள் என்றுதான் பொருள். 'பிக் அப்' என்றால் எடு என்று எப்போதோ மனப்பாடம் செய்திருக்கிறார். அது இங்கே தொற்று வந்ததைத் தொற்று போனதாக மாற்றிவிட்டது. நேர் எதிர்!

சரியான பொருள் இது. முதலாவது: அவருக்கு நெஞ்சில் தொற்று ஏற்பட்டது, எழுத்தில் 'கான்ட்ராக்டட்'. இரண்டாவது: டாக்டரின் காதுக்கு இதயத்தில் ஒரு முணுமுணுப்புச் சத்தம் தட்டுப்பட்டது, எழுத்தில் 'டிடெக்டட்'. மூன்றாவது: இப்போது தேறி வருகிறார், எழுத்தில் 'இம்ப்ரூவிங்' அல்லது 'ரெக்கவரிங்'.

எப்படிப் பிரித்தறிவது? பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். நோயின் பெயர் வந்து, எழுவாய் நோயாளியாக இருந்தால் தொற்றிக்கொண்டது. எழுவாய் டாக்டரோ ஸ்கேனோ கருவியோ என்றால் கண்டறிந்தது. பின்னால் எந்தப் பெயருமே வரவில்லை என்றால் தேறியது. அந்த நர்ஸுக்கு இந்த விதியைச் சொன்ன பிறகு அவர் இதில் தவறவே இல்லை. ரேடியோவும் மைக்கும் சத்தத்தைப் 'பிக் அப்' செய்வதும் இரண்டாவது வகைதான்.

வண்டிக்கு 'பிக்கப் இல்லை', படம் 'பிக்கப் ஆகுது' என்கிறோமே, இதெல்லாம் ஆங்கிலத்தில் செல்லுமா?

படத்துக்குச் செல்லும், வடிவத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். இன்டர்வெலுக்கு அப்புறம் கதை பிக்கப் ஆகிறது என்பதை 'த ஸ்டோரி பிக்ஸ் அப் ஆஃப்டர் த இன்டர்வெல்' என்று சொல்லலாம். 'ஆகுது' என்பதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, வினை தனக்குத்தானே நிற்கும். 'சேல்ஸ் பிக்ட் அப்', 'பிசினஸ் பிக்ட் அப்', 'த விண்ட் பிக்ட் அப்' எல்லாம் இதே அச்சு. மந்தமாக இருந்தது வேகமெடுத்தது என்கிற பொருள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கடை இன்னும் நன்றாக ஓடினால் பிக் அப் அவ்வளவாகப் பொருந்தாது, 'க்ரோ' போடுங்கள்.

பைக்குக்குப் பிக்கப் என்பது நம் மெக்கானிக் கடைகளில் பிறந்த சொல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சட்டென்று வேகமெடுக்கும் திறன் என்ற பொருள் அமெரிக்க அகராதிகளிலும் இருக்கிறது. இப்போது அங்கே 'ஆக்ஸிலரேஷன்' என்பதே அதிகம் கேட்கும்.

கிரிக்கெட் கமெண்டரியில் 'பிக்' ஒரு அர்த்தம், 'பிக் அப்' ஒரு அர்த்தம் போலத் தெரிகிறதே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். 'ஹீ பிக்ட் அப் த்ரீ விக்கெட்ஸ்' என்றால் மூன்று விக்கெட் எடுத்தார். 'டேக்' போட்டாலும் அதே பொருள்தான். முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டானாலும் அஸ்வினின் 537 ஆனாலும், நாமும் 'எடுத்தார்' என்றுதான் எழுதுகிறோம். படம் ஒன்றேதான்.

'ஹீ குட் நாட் பிக் த கூக்ளி' என்பதில் 'அப்' இல்லை. அது பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பந்துவீச்சாளரின் கையைப் பார்த்துக் கண்டுகொள்ள முடியவில்லை என்று அர்த்தம். இங்கே 'பிக்' பிரித்தறிவது. 'பிக்ட் அப் த லெங்க்த் எர்லி' என்று 'அப்' வந்தால் பந்து எங்கே குத்தும் என்பதைச் சீக்கிரமே கண் பிடித்துவிட்டது. இரண்டும் நெருங்கி வரும் இடம் இது. கமெண்டரியைத் தொடர்ந்து கேட்டால் மட்டும்தான் காது பழகும்.

'பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்' என்று மேனேஜர் சொல்கிறார். எதை எடுக்கச் சொல்கிறார்?

விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்கிறார். 'ரெஸ்யூம்', 'கன்டின்யூ' இரண்டும் அதற்குப் பதிலாக வரும். ஆபீஸில் இன்னும் சில சேர்க்கைகள் காதில் விழும். 'பிக் அப் த பில்': எல்லாருக்குமான செலவை ஏற்றுக்கொள்வது. 'பிக் அப் த ஸ்லாக்': ஒருவர் விட்ட வேலையை இன்னொருவர் சேர்த்துப் பார்ப்பது. 'பிக் அப் த பீஸஸ்': ஏதோ உடைந்துபோன பிறகு வாழ்க்கையையோ வேலையையோ மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவருவது. இவை நான்கையும் அப்படி அப்படியே முழுசாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பார்த்தால் குழப்பம்தான்.

'பிக் அப் ஆன்' வேறா?

வேறுதான். வாய்விட்டுச் சொல்லாததைக் குறிப்பால் உணர்வது. வீட்டுக்கு வந்த விருந்தாளி கடிகாரத்தைப் பார்க்கிறார், அவர் கிளம்ப நினைக்கிறார் என்று நீங்கள் புரிந்துகொள்கிறீர்கள். 'யூ பிக்ட் அப் ஆன் இட்.' இதற்கு 'நோட்டீஸ்' அல்லது 'சென்ஸ்' பொருந்தும். முன்பு ஒருவர் சொன்ன கருத்தை எடுத்துக்கொண்டு மேலே பேசுவதற்கும் இதைச் சொல்வார்கள்.

'பிக் அப் இட்' என்று எழுதினேன், டீச்சர் அடித்துவிட்டார். ஏன்?

'இட்', 'ஹிம்', 'ஹெர்', 'தெம்' மாதிரி பெயருக்குப் பதிலாக வரும் சொற்கள் கட்டாயம் நடுவில்தான் உட்கார வேண்டும். 'பிக் இட் அப்', 'பிக் மீ அப் அட் சிக்ஸ்'. பெயர்ச்சொல் என்றால் இரண்டு இடமும் சரி: 'பிக் அப் த பேக்', 'பிக் த பேக் அப்'. அந்தப் பெயர் ரொம்ப நீளமாக இருந்தால் கடைசியில் வைப்பது நல்லது. இல்லையென்றால் 'அப்' வருவதற்குள் கேட்பவருக்கு 'பிக்' மறந்துபோகும். 'பிக் அப் ஆன்' மட்டும் பிரியாது, 'இட்' கடைசியில்தான் வரும்.

'பிக்கப்' பெயர்ச்சொல்லாக வந்தால்?

வினைக்கு அழுத்தம் 'அப்' மேலே, பெயருக்கு அழுத்தம் 'பிக்' மேலே. எழுத்திலும் பெயர்ச்சொல் ஒரே சொல்லாகச் சேர்ந்துவிடும். ஐடி கம்பெனி கேப்பில் 'பிக்கப் டைம்' என்பது இந்த வகை. பின்னால் திறந்த தொட்டி வைத்த சரக்கு வண்டியும் பிக்கப்தான். ஃபோர்டு கம்பெனி 1925இல் தன் மாடல் டி காரிலேயே பின்பக்கம் தொட்டி பொருத்தி, பெயரிலேயே பிக்கப் என்று சேர்த்து விற்றது. அதற்கு முன்பெல்லாம் தொட்டியைத் தனியாக வாங்கி வண்டியில் மாட்டிக்கொள்வார்கள். எலக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளுக்கும் பிக்கப் என்றே பெயர், கம்பியின் அதிர்வை மின்சாரமாக எடுத்துக் கொடுக்கிறது. சோர்ந்துபோன நேரத்தில் ஒரு காபி குடித்தால் தெம்பு வருமே, அந்தக் காபி 'பிக்-மி-அப்'.

பரீட்சையிலும் அலுவலகக் கடிதத்திலும் 'பிக் அப்' எழுதலாமா?

சாதாரண மெயிலில் தாராளமாக எழுதலாம். கட்டுரை, அறிக்கை, நோயாளிக் குறிப்பு போன்றவற்றில் ஒற்றைச் சொல்லாக மாற்றுங்கள், பொருளும் தெளிவாகும். ஆனால் எதிர்த் திசையில் போய்விடாதீர்கள். நண்பரிடம் 'ஐ அக்வையர்ட் எ கோல்ட்' என்று பேசினால் புத்தகம் பேசுவதுபோல் இருக்கும். சளிக்கு 'காட் எ கோல்ட்' போதும். எனக்கு எப்போதும் தோன்றுவது இது: நம்மவர்கள் பெரிய சொல்லை நன்றாகப் படித்துவிடுகிறார்கள், இந்தச் சின்னச் சொற்களைத்தான் யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை.

'பிக் ஆன்', 'பிக் அவுட்' எல்லாம் இதோடு சேர்ந்தவையா?

இல்லை. 'பிக் ஆன்' என்றால் ஒருவரையே குறிவைத்துத் தொல்லை கொடுப்பது, 'பிக் அவுட்' என்றால் பலவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. 'பிக் அப்'புக்கு எதிர்ச்சொல் வேண்டுமென்றால், பொருளுக்குப் 'புட் டவுன்', ஆளுக்கு 'ட்ராப் ஆஃப்'.

படித்தால் புரிகிறது, பேசும்போது காதில் விழவே மாட்டேன் என்கிறதே?

அவர்கள் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. 'பிக் இட் அப்' மூன்று சொல்லாக வராது, 'பிகிடப்' என்று ஒரே மூச்சில் வரும். 'பிக்ட் இட் அப்' என்பது 'பிக்டிடப்'. நாம் 'பிக்கப்' என்று ககரத்தை இரட்டித்துச் சொல்லிப் பழகியவர்கள், அந்த அழுத்தத்தையே எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். அதற்குள் வாக்கியம் ஓடிவிடுகிறது. ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் எதைக் கையில் எடுத்தாலும், சாவி, துண்டு, தண்ணீர் பாட்டில், எதுவானாலும் 'பிகிடப்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எடுங்கள். என் வகுப்பில் ஒரு பாட்டி கோலமாவு டப்பாவை எடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்வாராம். அடுத்த வாரம் நான் ஓடவிட்ட ஒலிப்பதிவில் அந்தச் சொல் வந்ததும் முதலில் கை தூக்கியவர் அவர்தான்.